அடர்ந்த சென்சார் நெட்வொர்க்கில் கணக்கை எங்கே போடுவது?

ஆயிரம் கணுக்கள் (சென்சாரும் ரேடியோவும் பேட்டரியும் கொண்ட சிறு கருவிகள்) நெருக்கமாக நின்று வெப்பநிலையை அளக்கின்றன. நமக்கு வேண்டியது சராசரி மட்டும். எல்லா அளவீடுகளையும் மையத்துக்கு அனுப்பிக் கூட்டுவதா, வழியிலேயே கூட்டிக்கொண்டு வருவதா?

மையத்துக்கே அனுப்புவது நிரல் எழுத எளிது. ஆனால் மையத்தை ஒட்டிய கணுக்கள் எல்லோருடைய சுமையையும் தூக்குகின்றன. அவற்றின் பேட்டரிதான் முதலில் தீரும். அப்புறம் பின்னால் இருப்பவற்றில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. போதாக்குறைக்கு, 802.15.4 என்ற குறைந்த ஆற்றல் தரத்தில் இயங்கும் ரேடியோவில் கிடைக்கும் நொடிக்கு 250 கிலோபிட்டை அக்கம்பக்கத்தில் உள்ள அத்தனையும் பங்குபோட வேண்டும். கணுக்கள் கூடக்கூட ஆளுக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கும் என்று ஆய்வாளர்கள் குப்தாவும் குமாரும் 2000-இலேயே கணிதமாக நிறுவிவிட்டார்கள். அடர்ந்த நெட்வொர்க்குக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மர முறை வேறு மாதிரி: மையம் வேர், கணுக்கள் அதிலிருந்து பிரியும் கிளைகள். 2002-இல் பெர்க்லியில் உருவான 'டேக்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு கணுவும் தன் பிள்ளைகளிடமிருந்து (தனக்குக் கீழே இணைந்த கணுக்களிடமிருந்து) வந்ததைத் தன்னுடையதோடு சேர்த்து, ஒரே பாக்கெட்டாக மேலே தள்ளும். இங்கே பலர் தவறுவது ஓர் இடத்தில்: சராசரியையே மேலே அனுப்புவது. மூன்று கணுக்களின் சராசரி 30, தனியாக ஒன்றின் அளவு 40 என்றால் சரியான விடை 32.5, சராசரிகளின் சராசரியோ 35 என்று வரும். கூட்டுத்தொகை, எண்ணிக்கை இரண்டையும் அனுப்பினால் பிழை வராது. இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) கேட்டால் மட்டும் இந்தச் சுருக்கம் எடுபடாது.

மரத்தின் பலவீனம் இணைப்பு. ஒரு தாவலில் (ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு) 90% பாக்கெட்டுகள்தான் சேரும், மறுமுறை அனுப்புவதும் இல்லை என்றால், ஐந்து தாவலுக்குப் பின் மிஞ்சுவது சுமார் 59%. அதுவும் வேருக்கு அருகில் ஒன்று தொலைந்தால் ஒரு கிளையே காணாமல் போகும். ஒரே தரவைப் பல வழிகளில் அனுப்பினால் இழப்பு குறையும். ஆனால் ஒரே அளவீடு இருமுறை கூடிவிடும். அதிகபட்சம், குறைந்தபட்சம் கேட்பவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. கூட்டுத்தொகை கேட்டால் தோராயமான சுருக்கக் கணக்குகள் தேவை.

குழு முறையில், 2000-இல் எம்ஐடியில் வந்த 'லீச்' போல, கணுக்கள் குழுக்களாகப் பிரிந்து அளவீட்டைத் தம் தலைவரிடம் கொடுக்கும்; அந்தத் தலைவர் பதவி சுழற்சியில் மாறும். சுமை பகிரப்படுவது அருமை. ஆனால் மூல லீச்சில் தலைவர் நேராக மையத்தோடு பேச வேண்டும். தூரம் இரட்டித்தால் அனுப்பும் ஆற்றல் குறைந்தது நான்கு மடங்கு. பரப்பு சிறிதென்றால் சரி, பெரிதென்றால் மரமே மேல்.

கிசுகிசு முறையில் தலைவர் கிடையாது, மரம் கிடையாது. அண்டைக் கணுவோடு மதிப்பைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்து பகிர்ந்து எல்லோரும் சராசரிக்கு வந்துசேர்வார்கள். எந்தக் கணுவைக் கேட்டாலும் விடை கிடைப்பது எனக்கு மிகவும் பிடித்த குணம். ஆனால் பக்கத்தில் உள்ளவரோடு மட்டுமே பேசமுடியும் என்பதால் சுற்றுகள் நீளும். யார் எப்போது பேசுவார் என்று தெரியாமல் ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கவும் வேண்டும். சிசி2420 என்ற ரேடியோ சிப்பில் அனுப்ப 17.4 மில்லிஆம்பியர், காதைத் திறந்துவைத்துக் காத்திருக்கவோ 18.8. மரத்தில் முறை வைத்துப் பேசுவதால், தன் முறை வரும்வரை கணு தூங்கலாம்.