ஒற்றை ஃப்ளேரா, இரட்டை ஃப்ளேரா? விமான மெக்கானிக் செய்முறைத் தேர்வுக்கு எதைப் பழகுவது

ஒரு வளைவும் ஒரு ஃப்ளேரும் (கூம்பு போல விரித்த வாய்) உள்ள உலோகக் குழாய் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அமெரிக்காவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ.வின் ‘ஏ அண்ட் பி’ (விமான உடல், எஞ்சின்) மெக்கானிக் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வில் வரக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று. 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள ஏ.சி.எஸ். என்ற தேர்வுத் தரநிலையிலும் இருக்கிறது. பார்த்தால் கால் மணி நேர வேலை. ஆனால் குழாயின் வாயை விரிக்கும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் பலருக்கும் கை நடுங்கும்.

முதலில் கோணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் போட்டியே கிடையாது. விமான ஃப்ளேர் 37 டிகிரி. கார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கருவி 45 டிகிரி. எட்டு டிகிரிதானே என்று தோன்றும். விமானக் குழாய்களை இணைக்கும் ஏ.என். ஃபிட்டிங்கின் கூம்பு முழுப் பரப்பிலும் ஃப்ளேரோடு ஒட்டி உட்கார வேண்டும். கோணம் மாறினால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் தொடும். அப்புறம் ஒழுகுகிறதே என்று நட்டை இறுக்குவார்கள், ஃப்ளேர் வெடிக்கும். பழகுவதற்குக்கூட 45 டிகிரி கருவியை வாங்காதீர்கள்.

சரி, 37 டிகிரியிலேயே எந்த வகைக் கருவி? ஒன்று அடித்து விரிப்பது. பிளவுபட்ட டை கட்டைகளுக்குள் குழாயைப் பிடித்து, வைஸில் இறுக்கி, கூம்பு முனையுள்ள தண்டைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் தண்டை அரைச் சுற்று திருப்ப வேண்டும். மற்றது உருட்டி விரிப்பது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மையம் விலகிப் பொருத்தப்பட்ட கூம்பு குழாயின் வாயைத் தேய்த்தபடியே திறக்கும். சில கருவிகளில் ஃப்ளேர் முடிந்ததும் கைப்பிடி தானாகவே வழுக்கிக்கொள்ளும், எப்போது நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

என் ஓட்டு உருட்டும் கருவிக்கு. சுத்தியல் முறையில் தப்பு இல்லை, அனுபவசாலி கையில் அழகான ஃப்ளேர் வரும். ஆனால் தேர்வு நாளில் அடியின் பலம் பதற்றத்தோடு கூடும். ஒரு அடி ஓங்கி விழுந்தால் விளிம்பில் மயிரிழை விரிசல், திரும்பவும் வெட்டித்தான் ஆக வேண்டும். உருட்டினால் உள்பக்கம் பளபளவென்று வருவது இன்னொரு லாபம். தேர்வாளர் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். ஒன்று மட்டும், தேர்வுக்கூடத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சுத்தியல் வகைதான் என்றால் என் ஓட்டுக்கு மதிப்பில்லை.

இனி முக்கியமான சண்டை. ஒற்றை ஃப்ளேரில் குழாயின் வாய் ஒரே அடுக்காக விரியும். இரட்டையில் விளிம்பை முதலில் உள்ளே மடித்து, பிறகு விரிக்கிறோம். ஆக, கூம்பும் ஸ்லீவும் (நட்டுக்குள் குழாயைச் சுற்றி உட்காரும் வளையம்) நசுக்கும் இடத்தில் இரண்டு அடுக்கு உலோகம் இருக்கும். 5052-ஓ, 6061-டி போன்ற அலுமினியக் குழாய்களில், 1/8 முதல் 3/8 அங்குலம் வரையான அளவுகளுக்கு எஃப்.ஏ.ஏ. கையேடுகள் சொல்வது இரட்டை ஃப்ளேரைத்தான். காரணம் எளிது. மெல்லிய, மென்மையான அலுமினியத்தை நட் இறுக்கும்போது ஒற்றை அடுக்கு அறுந்துபோகக்கூடும். இரட்டை அடுக்கு அந்த வெட்டு விசையைத் தாங்கும், வட்டமும் ஒழுங்காக வரும். எஃகுக் குழாய்க்கு இது தேவையில்லை.

இங்கேதான் வேடிக்கை. பயிற்சி மேசையில் பெரும்பாலும் கிடப்பது 1/4 அங்குல 5052-ஓ குழாய், அதாவது கையேடு இரட்டை கேட்கும் அதே குழாய். பக்கத்தில் கிடக்கும் கருவியோ ஒற்றை ஃப்ளேர் கருவி! எதைப் பழகுவது? தேர்வுத் தாள் இரட்டை என்று எழுதியிருந்தால் இரட்டைதான், பேச்சே இல்லை. அப்படி எழுதவில்லை என்றால் ஒற்றையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள் என்பேன். இரட்டையில் குழாய் டைக்கு வெளியே எவ்வளவு நீள வேண்டும் என்ற அளவு கொஞ்சம் பிசகினாலும் மடிப்பு ஒரு பக்கம் சாயும், அதைத் திருத்த வழியே இல்லை. ஆனால் ஒற்றையைச் செய்து கொடுத்துவிட்டு, “விமானத்தில் போடுவதாக இருந்தால் இந்த அளவுக்கு இரட்டை வேண்டும்” என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று இரட்டை ஃப்ளேராவது கையால் செய்திருந்தால் அந்தப் பதில் தானாக வரும்.

இரண்டில் எதைச் செய்தாலும் வெற்றி தோல்வி முடிவாவது அதற்கு முன்னால், வெட்டும் இடத்தில். கட்டரை ஒரே மூச்சில் இறுக்கினால் வாய் உள்ளே சுருங்கும், பிசிறு தடிக்கும். ஒரு சுற்று, கொஞ்சம் இறுக்கல், மறுபடி ஒரு சுற்று. வெட்டு முனை நேராக இருக்க வேண்டும், உள்ளும் வெளியும் பிசிறு எடுக்க வேண்டும். விளிம்பில் விட்ட சின்னக் கீறல்தான் விரிக்கும்போது விரிசலாகிறது. “கருவி சரியில்லை” என்ற புலம்பலில் பாதி இந்தக் கீறலைப் பற்றியதுதான்.

வளைவா ஃப்ளேரா, எது முதலில்? மாற்றுக் குழாய் செய்யும்போது பழைய குழாயைவிட சுமார் 10 சதவீதம் நீளமாக வெட்டச் சொல்கிறார்கள், வளைக்கும்போது அளவு நகரும் என்பதால். அதனால் எனக்குப் பிடித்த வரிசை: ஒரு முனையில் ஃப்ளேர், பிறகு வளைவு, மிச்சத்தை வெட்டிவிட்டு மறுமுனை ஃப்ளேர். இதில் ஒரு கண்ணி உண்டு. நட்டும் ஸ்லீவும் ஃப்ளேரைத் தாண்டி ஏறாது, வளைவைத் தாண்டியும் நகராது. ஆகவே அந்தந்த முனைக்குரியதை அந்தந்த ஃப்ளேருக்கு முன்பே, சரியான திசையில் மாட்டிவிட வேண்டும். அழகாக விரித்து முடித்துவிட்டு, மேசை மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் நட்டைப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. வளைவை முனைக்கு மிக அருகில் வைத்தால் டை பிடிக்கவும் இடம் இருக்காது.

வளைவுக்கு 1/4 அங்குல அலுமினியத்தில் குறைந்தபட்ச ஆரம் 9/16 அங்குலம், அதே அளவு எஃகில் 7/8. வளைந்த இடம் தட்டையானாலும் மூல விட்டத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 1/4 அங்குலக் குழாய்க்கு அது 3/16 அங்குலம். கேலிப்பர் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

ஃப்ளேரில்லாத எம்.எஸ். ஃபிட்டிங்கையும் சிலர் சேர்த்து ஒப்பிடுவார்கள். கோணக் கவலை இல்லை, விரிசல் பயம் இல்லை. ஆனால் ஸ்லீவை முன்கூட்டியே குழாயில் கடிக்க வைக்க வேண்டும், பிறகு நட் இறுகத் தொடங்கியதிலிருந்து 1/6 சுற்று, ஒழுகினால் இன்னொரு 1/6, அதற்கு மேல் இல்லை. ஃப்ளேர் கேட்ட இடத்தில் இது எப்படியும் செல்லாது.

செய்து முடித்ததும் ஸ்லீவை மேலே தள்ளிப் பாருங்கள். ஃப்ளேர் ஸ்லீவின் உள்வாயைவிடப் பெரிதாகவும், அதன் வெளிவிட்டத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் பிடிமானம் போதாது, பெரிதாக இருந்தால் நட்டின் மரையில் உரசும். 1/4 அங்குல அலுமினியத்துக்கு 40 முதல் 65 அங்குல-பவுண்டு டார்க். ஒழுகினால் அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும். தேர்வாளர் முன்னால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாமே என்று ரெஞ்சைத் தூக்கினால், அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.