பூட்டிய புத்தகங்களும் என் இ-ரீடரும்: நீண்டநாள் அனுபவம்

மின்னூல் படிக்கும் கருவியான இந்த இ-ரீடரை வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன, அதனால் புது மோகத்தில் எழுதுவதல்ல இது. கருவியில் குறையே இல்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்குகிறது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அரூர் வண்டிக்காக உச்சி வெயிலில் நின்றாலும் எழுத்து பளிச்சென்று தெரியும். போனில் அந்த வெளிச்சத்தில் ஒரு வரி படிக்க முடியாது. தமிழ் எழுத்துகளும் உடையாமல் வருகின்றன.

எனக்குப் பிரச்சினை, காசு கொடுத்து அதில் வாங்கிய புத்தகங்களோடுதான்.

என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். புத்தகம் விற்ற நிறுவனம் லினக்ஸுக்குச் செயலி தரவில்லை. சரி, கேபிள் போட்டுக் கோப்பை எடுத்து, மின்னூல்களை நிர்வகிக்கும் காலிபர் மென்பொருளில் சேர்த்தேன். அட்டைப் படம் வந்தது, தலைப்பு வந்தது. திறந்தால், இந்தப் புத்தகம் டிஆர்எம் என்னும் டிஜிட்டல் பூட்டுப் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு பெட்டி எழுந்தது. கோப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் கணக்கோடு கட்டியிருக்கிறது. நாளை வேறு கம்பெனி ரீடர் வாங்கினால் இத்தனை புத்தகமும் அங்கே வராது.

இது வீண் பயம் இல்லை. 2009-இல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லையென்று ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாசகர்களின் கிண்டில் ரீடர்களிலிருந்தே அழித்தது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியதும், அங்கே வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. பணம் திரும்பக் கிடைத்தது, அந்தப் புத்தகங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும். ஒருவர் எழுதி வைத்த குறிப்புக்கு அடுத்தவர் எப்படி விலை வைக்க முடியும்?

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்கு உடைத்தால் குற்றமில்லை. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் அது சாவியைக் கையில் தருவதில்லையே.

புத்தகத்தோடு இது நிற்காது என்பதுதான் என் பெரிய கவலை. தன்னிடம் பதிவு செய்யாதவர்கள் எழுதிய செயலிகளை ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ விடப்போவதில்லை என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. பலர் எதிர்த்த பிறகுதான், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி விடுவதாகச் சொன்னது. நம் போனில் நாம் எதைப் போடலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது என் ரீடரில் அதிகம் இருப்பவை, 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்ட நூல்கள். லேப்டாப்பிலும் திறக்கின்றன, யாருக்கும் கொடுக்கலாம். புது நாவல்களை தருமபுரி புத்தகத் திருவிழாவில் அச்சில் வாங்கிக்கொள்கிறேன். எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிண்டிலில் நீங்களே வெளியிடும்போது டிஆர்எம் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது, தயவுசெய்து அதைத் தேர்ந்தெடுங்கள்.

ரீடர் வாங்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இபப் என்ற பொதுவான மின்னூல் வடிவக் கோப்பைக் கேபிளில் ஏற்றினால் நேராகத் திறக்கிறதா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.