மாங்குளத்துக் கடைக் கணினியில் குப்பை நீக்கம்: சில வருட அனுபவம்

வேண்டாத பைல்களை அழித்தால் கணினி வேகமாகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் பாதி சரி. சி ட்ரைவ் நிரம்பி வழிந்தால் அழிப்பது கட்டாயம் உதவும். பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் ட்ரைவில் எவ்வளவு துடைத்தாலும் வேகம் கூடாது. இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் கொமினிகேஷன் (போட்டோகொப்பி, பிரிண்ட் எடுக்கும் கடை) நடத்தும் நான் ஒரே கணினியை வருடக்கணக்காகப் பாவித்துக் கண்டது இதுதான்.

மெஷின் சாதாரணமானது. விண்டோஸ் 10, 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விற்றவர்கள் சி ட்ரைவுக்கு 100 ஜிபி மட்டும் பிரித்துத் தந்திருந்தார்கள். போட்டோகொப்பி, ஸ்கான், விண்ணப்பப் படிவம், பாஸ்போட் சைஸ் படம், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவு நூல்) வடிவமைப்பு என்று வேலை காலையிலிருந்து ஓடும். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஒரு பக்கம் திறக்க இரண்டு நிமிடம் எடுத்தால் அவர்களுக்குப் பஸ் போய்விடும்.

எனது சி ட்ரைவை நிரப்பியது பெரும்பாலும் மின்வெட்டுத்தான். போட்டோஷொப் வேலை செய்யும்போது தற்காலிகப் பைல் ஒன்றை உருவாக்கும், ஒழுங்காக மூடினால் தானே அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால் அது அப்படியே டெம்ப் போல்டரில் தங்கிவிடும். படம் பெரிதென்றால் இந்தப் பைலும் ஜிபி கணக்கில் இருக்கும். 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இவை மளமளவென்று குவிந்தன. அப்புறம் 'ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்', அதாவது தற்காலிகப் பைலுக்கு இடமில்லை என்று சொல்லி போட்டோஷொப் திறக்கவே மறுத்தது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லை இரு பக்கமும் சதவீதக் குறியிட்டு அடித்தால் அந்த போல்டர் திறக்கும். எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு, உள்ளே இருப்பதைத் தெரிவுசெய்து அழிக்கலாம். பாவனையில் உள்ளதை விண்டோஸ் அழிக்க விடாது. 'ஸ்கிப்' கொடுத்துவிட்டுப் போகலாம். இந்த ஒரு வேலை தந்த பலனை வேறெந்த மென்பொருளும் எனக்குத் தரவில்லை.

அடுத்தது விண்டோஸுடனே வரும் டிஸ்க் கிளீனப். அதில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற பொத்தானைப் பலர் அழுத்துவதில்லை. அதை அழுத்தினால்தான் பழைய அப்டேட் மிச்சங்களும், பெரிய அப்டேட்டுக்குப் பிறகு தங்கும் முந்தைய விண்டோஸும் பட்டியலில் வரும். முந்தைய விண்டோஸை அழித்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். ப்ரிஃபெட்ச் போல்டரையும் அழிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம், மென்பொருள்கள் கெதியாகத் திறப்பதற்கென்றே விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்புகள் அவை.

சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளையும் நெடுநாள் வைத்திருந்தேன். டெம்ப் பைல்களை நன்றாகவே துடைத்தது. ஆனால் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்குவதால் ஒரு துளி வேகமும் கூடவில்லை. அப்படியான கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொஃப்டே சொல்கிறது. 2017 இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் தீங்கு நிரல் நுழைக்கப்பட்டு, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் போயிருந்தது. விண்டோஸில் உள்ளதே போதும் என்று பிறகு அதை எடுத்துவிட்டேன்.

கடைக் கணினியில் பெரிய சிக்கல் டவுன்லோட்ஸ் போல்டர். எல்லாரும் வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கிறார்கள். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காணி உறுதி எல்லாம் அங்கே வந்து விழும். அவை பிடிக்கும் இடம் கொஞ்சம்தான், ஆனாலும் முதலில் அழிக்க வேண்டியவை அவைதான். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நம்பித் தந்த சனத்தின் ஆவணம் என் கடையில் கிடக்கக் கூடாது. விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் சென்ஸில் டவுன்லோட்ஸை 1, 14, 30, 60 நாள் என்று கெடு வைத்துத் தானாக அழிக்கச் சொல்லலாம். நான் 1 நாள் வைத்திருக்கிறேன். அதோடு கடை பூட்டும்போது ஷிஃப்ட்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்தி அன்றைய பைல்களை அழித்துவிடுவேன், ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

இந்தக் கெடு படங்களுக்குப் பொருந்தாது. வன்னியில் இடப்பெயர்வில் அல்பத்தைத் தொலைக்காத வீடு குறைவு. மகனின் படமென்று ஒரு தாய் கொண்டுவந்தது பழைய அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம் மட்டும். கன்னத்தின் மேல் முத்திரையின் நீல மை, ஒரு மூலை தண்ணீர் பட்டு உரிந்திருந்தது. அதை 1200 டிபிஐயில் ஸ்கான் செய்து, மையை மெல்ல மெல்ல நீக்கிப் பெருப்பித்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் திவசத்துக்கு முன் வந்து, "தம்பி, போன முறை அடிச்ச படம் இன்னும் இருக்கோ? படச் சட்டத்துக்குள்ள தண்ணி போயிட்டுது" என்று கேட்டார். இருந்தது.

இப்படியான ஸ்கான்களை உரியவர்களிடம் கேட்டுத்தான் வைத்திருப்பேன். டி ட்ரைவில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, போல்டரின் பெயரில் ஊரும் வருடமும். ஒரே மாதிரியான பைல்களைத் தேடி அழிக்கும் மென்பொருள்களை இந்தப் பக்கம் விடவே மாட்டேன். சில அப்படியானவை பெயரையும் அளவையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கும். மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் அவற்றை நம்பி விட முடியாது.

சரி, வேகத்துக்கு வருவோம். இவ்வளவும் செய்து சி ட்ரைவில் 30 ஜிபி காலியானபோது போட்டோஷொப் சிக்கலில்லாமல் ஓடியது, தடைப்பட்டுக் கிடந்த அப்டேட்டுகள் ஏறின. கணினி திறக்கும் நேரம் மட்டும் அசையவில்லை. டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலைப் பார்த்துத் தேவையற்றதை நிறுத்தியபோது கொஞ்சம் குறைந்தது. கடைசியில் வவுனியாவில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றினேன், பழைய ஹார்ட் டிஸ்க் படங்களுக்கென்று இருக்கிறது. சுழலும் தட்டில் ஊசி ஓடித் தேடும் வேலை எஸ்எஸ்டியில் இல்லை என்பதால் நிமிடக் கணக்கு நொடிக் கணக்கானது. கையில் காசு இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். இல்லையென்றால் டெம்ப் போல்டரில் தொடங்குங்கள், அதற்குச் செலவே இல்லை.