மழையில் நனையும் கதவு ஸ்பீக்கர்: நுரைக் கிண்ணமா, சிறு கூரையா, கதவை அடைப்பதா?

ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வாகனக் கதவுக்குள்ளும் மழைதான். கண்ணாடியில் வழிகிற நீர், அதை ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டியைத் தாண்டிக் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. கதவை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஸ்பீக்கரின் காந்தமும் வயர் முனைகளும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின் முதுகும் அந்த ஈரக் கூட்டுக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொழும்பில் ஓடும் கார் ஒரு மழைக்குப் பிறகு வெயிலில் காய்ந்துவிடும். தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் மே முடிவிலிருந்து வாரக்கணக்கில் கதவு காய்வதே இல்லை.

என் வானின் இடப்பக்க ஸ்பீக்கர் இப்படித்தான் போனது. பழைய காகிதக் கூம்பு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் புதியது பூட்டித் தந்த கடையில், பழையதோடு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கூட்டையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள். அந்தக் கூட்டின் மேல்புறத்தில் தொப்பி விளிம்பு போல ஒரு சிறு கூரை இருந்ததை நானும் அன்று கவனிக்கவில்லை. ஒரே மழைக்காலம். ஆகஸ்ட் மாதம் பாடகர்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டியதுபோல ஒரு கரகரப்பு. கழற்றிப் பார்த்தால் காந்தத்தைச் சுற்றித் துரு, கம்பிச் சுருள் அசையும் இடுக்கில் செம்பொடி. இன்று யாராவது ஸ்பீக்கர் மாற்றப் போகிறேன் என்றால் அந்தப் பழைய கூட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

கூடு போய்விட்டால் கடைகளில் முதலில் நீட்டுவது நுரைக் கிண்ணம். ஸ்பீக்கரின் பின்புறத்தை முழுதாக மூடும் மென்மையான கிண்ணம் அது. நீரைத் தடுக்கும், தகரத்தோடு ஒட்டும் விளிம்பில் அதிர்வையும் குறைக்கும், விலையும் பெரிதில்லை. ஆனாலும் அப்படியே மாட்டினால் பாட்டின் அடிநாதம் (பேஸ்) மெலிந்துவிடும். கதவு ஸ்பீக்கர்கள் கதவின் மொத்தக் காற்றையும் நம்பிச் செய்யப்பட்டவை. ஒரு சோற்றுக் கோப்பை அளவு காற்றுக்குள் அடைத்தால் கூம்பு தாராளமாக அசைய முடியாது. தவில் தட்டுக்கூடைச் சத்தமாகிவிடும். எப்படியோ உள்ளே போகிற கொஞ்ச ஈரமும் கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கும். கதவுக்குள் இறங்கும் கண்ணாடி கிண்ணத்தில் உரசுவதும் உண்டு.

இரண்டாவது வழி, கிண்ணத்தின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு மேல்பாதியை மட்டும் கூரையாக வைப்பது. தடித்த பிளாஸ்டிக் போத்தலை வெட்டியும் அந்தக் கூரையைச் செய்யலாம். நீர் மேலிருந்துதான் விழுகிறது, எனவே மேலே மறைத்தால் போதும்; காற்று கீழ்வழியாகத் தாராளமாகப் போய்வரும். முழுக்கிண்ணத்தையும் இதையும் ஒரே வானின் இரு கதவுகளில் வைத்துக் கேட்டிருக்கிறேன். வெட்டிய பக்கம் நிறைவாக ஒலித்தது, அடுத்த மழைக்காலத்துக்குப் பின் இரண்டு காந்தங்களுமே உலர்வாக இருந்தன. காவல் சமம் என்றால் ஒலி நன்றாக இருப்பதைத்தானே எடுக்க வேண்டும்? கூரையை ஒட்டும்போது வினாகிரி நாற்றம் அடிக்கும் சிலிக்கனைத் தவிர்த்துவிடுங்கள். அது உலரும்போது வெளிவிடும் அமிலம் வயர் முனைகளை அரிக்கும்.

மூன்றாவது வழி கதவின் உள்பக்கத் தகரத்தை அடைப்பது. முன்னவை இரண்டும் காவலோடு நின்றுவிடுகின்றன. இது ஒலியையும் தூக்கிவிடுவதால்தான் எனக்கு இதில் இத்தனை பிடிப்பு. உள்மூடியைக் கழற்றினால் கண்ணாடிப் பொறியைப் பழுதுபார்க்க விடப்பட்ட பெரிய ஓட்டைகள் தெரியும். அவற்றின் மேல் ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். பழைய வாகனங்களில் யாரோ எப்போதோ பழுதுபார்க்கையில் கிழித்து, பாதியில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கிழிசல் வழியாக நீர் மூடியையும் தரைவிரிப்பையும் நனைக்கிறது. ஒலிக்கும் அதே ஓட்டைதான் எதிரி. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓட்டை வழியே சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் காணாமல் போவது அடிநாதம்.

புதிய பொலித்தீன் ஒட்டுவது மிக மலிவு. நீர்க்காவலுக்கு அது போதும். தாளின் கீழ்விளிம்பைக் கதவின் உள்ளே செருகினால்தான் வழியும் நீர் கதவின் வயிற்றுக்குள் திரும்பும். ஆனால் மெல்லிய தாள் அடிநாதத்தை மறிக்காது. அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) பட்டையால் ஓட்டைகளை அடைத்தால் நீரும் நிற்கும், காற்றும் நிற்கும். புது ஸ்பீக்கர் வாங்காமலே தவிலுக்கு உடம்பு வந்துவிடுகிறது. இதன் குறை ஒன்று: நாளை கண்ணாடிப் பொறி பழுதானால் அந்தப் பிசினைப் பிய்ப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆகவே பெரிய ஓட்டைக்கு மட்டும் மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டித் திருகாணியால் பூட்டி, ஓரத்தில் மட்டும் பட்டை ஒட்டுகிறேன்.

பியூட்டைலுக்குப் பதிலாகக் கூரைக்கு ஒட்டும் தார்ப்பட்டையை விலை பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டகலைக் குளிரில் அது கல்லாக நிற்கும். அதே வானைக் கதிர்காமத்துக்கு ஓட்டிப்போய் வெயிலில் நிறுத்தினால் தார் நாற்றம் உள்ளே நிறையும், பட்டை நழுவும். ஒருபோதும் மலையிறங்காத வாகனத்துக்குக்கூட நான் அதைச் சொல்லமாட்டேன். பியூட்டைலையும் வெயில் உள்ள நாளில், தகரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தபின் ஒட்ட வேண்டும். மூடுபனி நாளில் என்றால் தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டி அழுத்த வேண்டும். வெளித்தகரத்தின் உள்முகத்திலும் நடுவே ஒரு துண்டு போதும், முழுவதும் ஒட்டத் தேவையில்லை.

கூம்பைப் பற்றி நீட்ட வேண்டாம். காகிதக் கூம்பின் குரல் இனிமை எனக்குப் பிடிக்கும், ஆனாலும் நம் ஊர்க் கதவுக்கு பொலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும்தான். நுரை விளிம்பு சில வருடங்களில் பொடியாக உதிரும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம் எம்டிஎஃப் (மரநார் அழுத்திய) பலகையாக இருந்தால் ஈரத்தில் ஊதிவிடும், பிளாஸ்டிக் வளையமே நல்லது.

நீருக்கு அடுத்த பகை, ஸ்பீக்கர் தாங்கமுடியாத அடிநாதம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் இரைச்சலை வெல்ல எல்லோரும் ஒலியைக் கூட்டுகிறோம். ஒலியளவை 3 டெசிபெல் கூட்டச் சக்தி இருமடங்காக வேண்டும். 50 வாட் என்று நெற்றியில் எழுதிய ரேடியோ செட் தொடர்ச்சியாகத் தருவது 20 வாட்டுக்கு முன்பின்னே. அதற்கு மேல் திருகினால் அலையின் உச்சி தட்டையாகி, ஸ்பீக்கரின் சுருள் சூடேறும். இதற்குச் சிலர் ஸ்பீக்கர் வயரில், அடிநாதத்தைக் குறைக்கும் கப்பாசிட்டர் பூட்டுகிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறைக்க 400 மைக்ரோஃபராட் அளவில், முனைபேதமில்லாதது (+, − பக்கம் பாராதது) வேண்டும். அது அடிநாதத்தை மெதுவாகத்தான் குறைக்கும், ஒக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 6 டெசிபெல். செட்டிலேயே ஹை பாஸ் வடிகட்டி (அடிநாதத்தைக் குறைத்து மேல் ஒலியை மட்டும் விடுவது) இருந்தால் பெரும்பாலும் ஒக்டேவுக்கு 12 டெசிபெல் கிடைக்கும், செலவும் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய செட்களின் எஃப்எம் 90 மெகாஹேர்ட்ஸுக்கு அருகிலேயே நின்றுவிடுவதால் எப்படியும் நம்மில் பலர் செட்டை மாற்றுகிறோம். மாற்றும்போது திரையின் அகலத்தைப் பார்க்கும் முன் இந்த வடிகட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத பழைய செட்டை வைத்துக்கொள்பவருக்கே கப்பாசிட்டர்.

தனி அம்பிளிஃபயர் வாங்கலாமா என்றால், கதவை அடைத்து, வடிகட்டியை 80 அல்லது 100 ஹேர்ட்ஸில் வைத்து ஒரு மாதம் கேட்டபின் முடிவு செய்யுங்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் நாம் எல்லோரும் பழைய வாகனத்தையே பேணக் கற்றுக்கொண்டோம். பழைய பற்றரியும் ஒல்டர்னேற்றரும் உள்ள வானில், மூடுபனியில் விளக்குகள் எல்லாம் எரியும் இரவில், இன்னொரு பெரிய சுமையை ஏற்ற எனக்கு மனமில்லை.

உள்மூடியைத் திரும்பப் பூட்டும் முன் இரண்டு வேலைகள். கதவின் அடித்துளைகளில் இறுகிய சேற்றை விளக்குமாற்று ஈர்க்கால் குத்தி எடுங்கள். கம்பியால் குத்தினால் பெயின்ட் உரிந்து துரு பிடிக்கும். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து ஒரு சொம்பு நீரை மெதுவாக ஊற்றுங்கள். ஸ்பீக்கரின் ஓட்டை வழியே டோர்ச் அடித்துப் பார்த்தால் நீர் எங்கே விழுகிறது என்று தெரியும். கூரையை எங்கே பூட்ட வேண்டுமோ அங்கேதான் அது சொட்டும்.