எண்டோமெட்ரியோசிஸ்: அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா?

கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ்; தாங்கமுடியாத மாதவிடாய் வலி அதன் அறிகுறியாக இருக்கலாம். பினாங்கில் அந்த வலிக்குச் சிகிச்சை பெற இரண்டு வழி. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நிபுணருக்கு 5 வெள்ளி. காசு மிச்சம்தான், ஆனால் காத்திருக்க வேண்டும்.

தனியாரில் சீக்கிரம் ஸ்கேன் எடுத்துவிடலாம். லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சை) என்றதும் பில் ஆயிரக்கணக்கில் ஏறும். காப்புறுதி எதையெல்லாம் ஏற்கும் என்று முதலிலேயே கேளுங்கள்.

எங்கே போனாலும் ஒன்று: ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. கருப்பைக்கு வெளியே படரும் மெல்லிய திட்டுகள் அதில் தப்பிவிடும். "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்ற பேச்சு வேறு! மாத்திரையில் தொடங்குவதென்றால் நான் அரசாங்கப் பக்கம்தான். வலி வேலையையே நிறுத்துகிறது, கையில் காப்புறுதியும் இருக்கிறது என்றால் தனியார்.