வேர்டில் எக்ஸ்எம்எல் செருக: இன்செர்ட்எக்ஸ்எம்எல்லா, ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகேயா?

பயனர் வேர்டைத் திறந்து வைத்திருக்கும்போது கர்சர் இருக்கும் இடத்தில் ஒரு அட்டவணை விழ வேண்டுமா? ஆவணத்தின் ஒரு இடத்தைக் குறிக்கும் ரேஞ்ச் ஆப்ஜெக்ட்டின் இன்செர்ட்எக்ஸ்எம்எல் கட்டளை போதும். எக்ஸ்எம்எல் என்பது உள்ளடக்கத்தைக் குறிச்சொற்களால் எழுதும் வடிவம். வெறும் பத்திக் குறியீட்டை மட்டும் கொடுத்தால் ஏற்காது. ரிலேஷன்ஷிப் பகுதி (எது எதனுடன் இணைகிறது என்ற பட்டியல்), ஆவணப் பகுதி இரண்டையும் ஒரே கோப்பாகக் கட்டிய ஃப்ளாட் ஓபிசி வடிவில் தர வேண்டும். படம், பட்டியல் எண் ஆகியவற்றின் இணைப்புகளை வேர்டே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதே பெயரில் ஸ்டைல் ஏற்கெனவே இருந்தால், ஆவணத்தில் உள்ளதுதான் நிற்கும். நீங்கள் அனுப்பிய நிறம் காணாமல் போவது இதனால்தான். முடிவில் ஒரு வெற்றுப் பத்தி ஒட்டிக்கொள்வதும் வழக்கம்.

சர்வரில் நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றால் ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே என்ற மைக்ரோசாஃப்ட்டின் நிரல் நூலகம்தான். வேர்டை சர்வரில் ஆட்டோமேஷனாக ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைப்பதில்லை. எங்கோ ஒரு டயலாக் பெட்டி திறந்தால் எல்லாம் நின்றுவிடும். எஸ்டிகேக்கு வேர்டே தேவையில்லை, டாக்எக்ஸ் என்ற ஜிப்பை நேரடியாகத் திருத்தும்.

இதில் உள்ள சிரமம் என்னவென்றால், வரிசை, இணைப்பு எல்லாவற்றையும் சரிபார்ப்பது உங்கள் தலையில். ஆவண உள்ளடக்கத்தைத் தாங்கும் பாடியின் கடைசி உறுப்பு செக்ட்பிஆர் (பக்க அளவு, ஓரம் போன்ற அமைப்புகள்). அதற்குப் பின்னால் பத்தியைச் சேர்த்தால் கோப்பு பழுது என்று வேர்டு புகார் செய்யலாம். எனவே அதற்கு முன்னால் செருகுங்கள். படத்துக்கு இமேஜ் பகுதியைச் சேர்த்து, புதிய ரிலேஷன்ஷிப் ஐடியை வரைபடக் குறியீட்டில் மாற்ற வேண்டும். மறந்தால் படத்துக்குப் பதில் சிவப்புக் குறுக்குக்குறி. சொல்லின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளி அழியாமல் இருக்க, டெக்ஸ்ட் உறுப்பில் ஸ்பேஸ் பண்பை பிரிசர்வ் என வையுங்கள்.