கூத்துக்கொட்டகையில் ஒரு குட்டி கேம்கார்டர்: 14 வருட அனுபவம்

2010இல் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கிவந்த கேம்கார்டர் இது. உள்ளங்கையில் அடங்கும்; முழு எச்டி; எஸ்டி கார்டில் பதியும். பெட்டியில் மெகாபிக்சல் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முழு எச்டி படத்துக்கு வேண்டியது 20 லட்சம் பிக்சலும் கொஞ்சமும்தான். அது தெரியாமல் நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நான் இதில் எடுப்பது கல்யாணம் அல்ல, தெருக்கூத்து. செய்யாறு, வந்தவாசி பக்கம் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பது. முதல் ராத்திரி எடுத்ததை வீட்டு டிவியில் போட்டதும் வயிறு கலங்கிவிட்டது. படம் முழுக்க மூச்சு வாங்குவதுபோல வெளிச்சம் ஏறி இறங்கியது. பழுது பார்க்கும் கடையில் லென்ஸையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, கையில் அவ்வளவு பணம் இல்லை.

கேமராவில் கோளாறே இல்லை. அது அமெரிக்க மாடல், நொடிக்கு 60 பாதிப்படங்கள் (ஒன்றுவிட்டு ஒன்று வரிகள் மட்டும் உள்ள படங்கள்) எடுக்கும். நம் ஊர் மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை, அதாவது நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/60இல் இருந்தால், அதாவது ஒளியை நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் உள்ளே விட்டால், ஒவ்வொரு பாதிப்படத்திலும் ஒன்றரைத் துடிப்புக்கு மேல் விழும். ஒன்றில் வெளிச்சம் கூட, அடுத்ததில் குறைய. ஷட்டரை 1/100க்கு மாற்றினால் சரியாக ஒரு முழுத் துடிப்பு, படம் அடங்கிவிடுகிறது. ஜெனரேட்டர் ஓடும் ஊரில் மட்டும் இந்த வித்தை முழுசாகப் பலிக்காது. லோடு ஏற ஏற அதன் ஹெர்ட்ஸ் நகரும், படத்தில் பட்டைகள் மெதுவாக ஊரும்.

ஆனால் 1/100 சும்மா கிடைப்பதில்லை. 1/60இல் வரும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அதைத் தாங்க இந்த சென்சாருக்கு, அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லுக்கு, தெம்பு இல்லை. அதன் அளவாகச் சொல்லும் 1/4 அங்குலம் என்பது பழைய டிவி கேமராக் குழாய்களின் அளவிலிருந்து வந்த பெயர்க்கணக்கு. நிஜத்தில் மூலைக்கு மூலை சுமார் 4.5 மி.மீ.தான். அதற்குள் இத்தனை பிக்சலையும் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் வரும்? கேமரா தானாக கெய்னை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றும். கருப்புத் திரையில் எறும்பு மொய்ப்பதுபோலப் புள்ளிகள் ஓடும். கெய்னுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டேன். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

இதே காலத்தில்தான் சென்சாரைத் தலைகீழாக்கும் யோசனை கேம்கார்டருக்கு வந்தது. வழக்கமான சென்சாரில் ஒயரிங் மேலே, ஒளி வாங்கும் பகுதி கீழே. வரும் ஒளியில் ஒரு பங்கை ஒயரிங்கே மறித்துவிடும். அதைப் புரட்டி ஒளி வாங்கும் பகுதியை மேலே வைத்தார்கள். சோனி 2009இல் எக்ஸ்மோர் ஆர் என்ற பெயரில் கேம்கார்டரில் போட்டது இதைத்தான். இன்றைய போன்களில் இருப்பதும் அதே வழி. என்னுடையது அதற்கு முந்தைய வகை. நண்பரிடம் புது வகை ஒன்றை வாங்கி ஒரு ராத்திரி பக்கத்தில் வைத்து எடுத்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஜூம் விஷயத்திலும் ஏமாந்திருக்கிறேன். லென்ஸின் அகலக் கோடியில் எஃப் 1.8, இழுத்த கோடியில் எஃப் 3.0 (இந்த எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). முழுசாக இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். அதனால் இப்போதெல்லாம் பாயை எடுத்துக்கொண்டு பின்பாட்டுக்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆட்டக்காரர் சுழன்றாடும்போது உடையின் ஓரத்தில் சீப்புப் பல்போல் கோடுகள் வரும். பாதிப்படங்களை 30 முழுப்படமாகச் சேர்ப்பதால் வருவது அது. எடிட்டிங்கில் 60ஆக விரித்தால் போய்விடும், சுழற்சியும் வழுவழுவென்று வரும்.

அப்புறம் ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறேன்? நிற்காது. 17 எம்பிபிஎஸ் (நொடிக்கு 17 மெகாபிட்) தரத்தில் மணிக்கு ஏழரை ஜிபி சொச்சம். ஏழு மணி நேரக் கூத்துக்கு இரண்டு 32 ஜிபி கார்டு போதும். சூடாகி அணைவதில்லை. அந்தக் கால ஸ்டில் கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு நின்றுவிடும். ஐரோப்பிய வரிக்குப் பயந்து வைத்த வரம்பு அது. இதில் அந்தத் தொல்லை இல்லை. சின்ன சென்சாருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: முன்னால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனும் பின்னால் துரியோதனனும் ஒரே நேரத்தில் தெளிவாக இருப்பார்கள். பெரிய சென்சார் கேமரா வைத்திருக்கும் தம்பிமார்கள் ஃபோகஸைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணில் செய்த துரியோதனன் தரையில் கிடப்பான், வெயில் ஏறும். ராத்திரி முழுக்க எறும்பு மொய்த்த படம் அப்போதுதான் கழுவிவிட்டதுபோலத் தெளியும். மண்ணில் விரல் பதிந்த தடம்கூடத் தெரியும். வெயில் அதிகமானால் லென்ஸின் துளை மிகவும் சுருங்கி படம் லேசாக மழுங்கும், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றைத் திருகிக்கொள்வேன். தூக்கக் கலக்கத்தில் பாதி வருடங்களில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன் என்பது வேறு விஷயம்.